அந்த ‘இல்ல’ எங்கே போனது

தமிழரசுக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது. சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. பொங்கலும் போய்விட்டது, மாட்டுப் பொங்கலும் போய்விட்டது. நீ வரவில்லை, உன் பொண்டாட்டி வரவில்லை, பாப்பா வரவில்லை. உங்களுக்காகச் சுட்ட முறுக்கு தூக்குவாளியில் நமுத்துக் கிடக்கிறது. பாப்பாவுக்கென்று தனியாக உருட்டிய எள்ளுருண்டையை எறும்பு தின்கிறது, தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். இதைப் போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் பேசித்தான் இத்தனையும் ஆனது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தாளில் எழுதினால் கடைசி வார்த்தை வரைக்கும் எழுதிய இடத்திலேயே இருக்கும், எவனும் பாதியில் வெட்ட முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். என் அண்ணனை, அதான் உன் ஜெயங்கொண்டத்து மாமாவை, படிக்கவைப்பதற்காக என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திக் கரும்பு வெட்டக் கூட்டிப்போனார்கள். அதையும் நான் மறக்கவில்லை. மளிகைக்கடைப் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்துத்தான் எழுத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. உங்களுக்கு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தேன். ‘உன் வேலை என்னதான்டா, ஊரில் கேட்டால் சொல்லத் தெரியவில்லை’ என்று நான் கேட்டதுதான் தப்பு. நீ வெங்காயத்தை எடுத்து உரித்தாய். உரித்து, உரித்து, கடைசியில் விளக்கு வெளிச்சம் தெரிகிற ஒரு சருகை எடுத்து விரலில் ஒட்டிக்காட்டி, “இதையும் இன்னும் இன்னும் உரிச்சுக்கிட்டே போனா, இனிமே உரிக்கவே முடியாதுன்னு ஒரு எடம் வரும்லம்மா, அந்த அளவு மெல்லிசு. அத வச்சுத்தான் சுவிட்ச் செய்யறோம்” என்றாய். வாயில் நுழையாத ஒரு உலோகத்தின் பெயரைச் சொன்னாய், அதோடு கந்தகமும் சேர்ந்தது என்றாய். கந்தகம் எனக்குத் தெரியும், சிரங்குக்குப் பூசுவோம். அந்தச் சருகுக்கு மேலே தங்கம், கீழே தங்கம் என்றாய். சுவிட்சுக்குத் தங்கம் போடுகிறவன் பெற்ற மகள் காதில் ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல் மூளியாக நிற்கிறாளே என்று அப்போதே எனக்குச் சுருக்கென்றது. விருந்தில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நீதான் மூடவில்லை. “இப்ப உன் போனுக்குள்ள இருக்குற சுவிட்ச் இருக்கே, அது சும்மா நிக்கிறதுக்கே சார்ஜ் தின்னும். எங்க சுவிட்ச் அப்படி கிடையாது. ஒரு தட்டு தட்டினா போதும். அணைஞ்சுதுன்னா, திரும்பத் தட்டுற வரைக்கும் கரண்டே இல்லாம அப்படியே நிக்கும்” என்றாய். உன் பொண்டாட்டி உடனே, “யார மாதிரிங்க?” என்றாள். “வேற யாரு, நம்ம அம்மா மாதிரிதான். பக்கத்து வூட்டுப் பெரியம்மாகூட பேச்ச அணைச்சாங்க, இன்னிக்கி வரைக்கும் ஒரு யூனிட் கரண்டு செலவாகல” என்றாய் நீ. இரண்டு பேரும் சிரித்தீர்கள். என்ன ஏது என்று தெரியாமலே பாப்பாவும் கை தட்டியது. உன் இலையில் அப்பளம் வைக்க வந்தவள் நான். வைக்காமல் திரும்பிப் போனேன். அதைக்கூட நீ கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலமே உன் சட்டத்தையும் சொன்னாய். பாப்பாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, குலதெய்வக் கோயிலில் காதுகுத்தை வைத்துவிடுவோம் என்று நான் கேட்டதற்கு, “பெரியம்மா வராம பாப்பாவுக்குக் காதுகுத்து இல்ல” என்றாய். “அவ வந்து நிக்கிற எடத்துல நான் நிக்க மாட்டேன்” என்றேன். “அப்ப காது அப்படியே இருக்கட்டும்” என்று பையைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்கு ரயில் பிடிக்கக் கிளம்பிவிட்டாய். தங்கத்தைப் பார்க்காத காதோடு பாப்பா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டியது. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

உன் சுவிட்சால் எனக்கு வந்த அவமானம் அது ஒன்று மட்டுமா? ஜெயங்கொண்டத்து மாமா வீடு கட்டியபோது என்ன நடந்தது என்பதை நீ மறந்திருப்பாய். “ஏன் தங்கச்சி, மருமவன் சுவிட்ச் கம்பெனியிலதான இருக்கான், நம்ம வூட்டுக்கு வேண்டியத அவன்கிட்டயே சொல்லிப்புடலாம்ல?” என்று கேட்டார். உன் வேலையை நீ விளங்கச் சொல்லியிருந்தால் நான் ஏன் அப்படிச் சொல்லப் போகிறேன்? “அதுக்கென்னண்ணே, பொட்டி பொட்டியா அனுப்பச் சொல்றேன்” என்றேன். அவரும் நம்பிக் கடையில் எதையும் வாங்காமல் விட்டார். கிரகப்பிரவேசத்தன்று வீட்டுச் சுவரெல்லாம் ஓட்டை, ஓட்டையெல்லாம் ஒயர் தொங்குகிறது. வந்தவர்கள் பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கவே பயந்தார்கள். நீ வந்து இறங்கினாய், கையில் தீப்பெட்டி அளவு ஒரு டப்பா. “மாமா, இதுதான் நாங்க செய்யற சுவிட்ச்” என்று திறந்தாய். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். “எங்கடா?” “கண்ணுக்குத் தெரியாது மாமா.” “கண்ணுக்குத் தெரியாத சுவிட்ச வச்சுக்கிட்டு லைட்ட எப்படிடா போடறது?” பந்தியே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னை ‘வாம்மா’ என்று ஒழுங்காகக் கூப்பிட்டதில்லை. இது லைட்டு போடுகிற சுவிட்ச் இல்லை, போனுக்குள் பேச்சு எந்த வழியாகப் போக வேண்டும் என்று திறந்து மூடி வழிவிடுகிற சுவிட்ச் என்பதை நீ அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னாயா? இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

இனி உன் பெரியம்மா விஷயம். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் தெரிந்தவன் மாதிரி நீ நடந்துகொள்வதில்லை, அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன். உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றி ஏற்றித் தேய்ந்த உடம்பு. நீ காலேஜை விட்டு வந்து கூட இருந்தாய். அன்று காலையில் அவர் எழுந்து உட்கார்ந்து, “நொய்க்கஞ்சியும் பருப்புத் தொவையலும் கொண்டாடி” என்று வாய்விட்டுக் கேட்டார். கேட்டாரே என்ற சந்தோஷத்தில் நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் நீ போன் செய்தாய். அப்போது நம் தெருவிலேயே செல்போன் உன் பெரியப்பா வீட்டில்தான் இருந்தது. அதுவும் கரும்புக்கொல்லை வரப்பில் ஏறி நின்றால்தான் பேசும். போனை எடுத்தது உன் பெரியம்மா. “பெரிம்மா, அப்பா நல்லா இல்ல, அம்மாவ ஒடனே வரச் சொல்லுங்க” என்று நீ சொன்னாய். அவள் வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரத்தில் நான் இந்தப் பக்கத்து முற்றத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நான் நிதானமாகத் துவையல் அரைத்து, தலைக்கு ஊற்றி, புடவை மாற்றி, சாயங்கால பஸ்ஸுக்குத் தூக்குவாளியோடு போனேன். பெரம்பலூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குள் போனபோது கஞ்சி இன்னும் சூடாகத்தான் இருந்தது. குடிக்கத்தான் ஆள் இல்லை.

காரியம் நடந்த அன்று ஊர் முன்னால் கேட்டேன், “ஏன்க்கா சொல்லல?” என்று. “நல்லா இருக்காருன்னுதான்டி எனக்குக் கேட்டுச்சு” என்றாள். நான் நம்பவில்லை. உன் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே, அவள் கோழி நான் காயவைத்த உளுந்தைக் கிளறியதில் எங்களுக்குள் பேச்சில்லை. உளுந்துக்காகச் செய்தாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். நீ எத்தனையோ முறை சொன்னாய், “நான் ‘நல்லா இல்ல’ன்னுதான் சொன்னேன், அந்த ‘இல்ல’ அந்தப் பக்கம் போயிருக்காதும்மா, லைன் அங்கதான் வெட்டியிருக்கும்” என்று. ‘நல்லா’வுக்கும் ‘இல்ல’வுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடக்கூட இடம் கிடையாது. சரியாக அந்த இடத்தில் வந்து வெட்டுமா? அப்படி வெட்டுவதாக இருந்தால் அது என் வாழ்க்கையில்தான் வந்து வெட்ட வேண்டுமா? அவளுக்குப் பரிந்து பேசுகிறாய் என்று உன்னையும் திட்டினேன்.

அதற்குப் பிறகு அவளை எதிரே பார்க்காமல் வாழ்ந்தேன். பார்க்கவில்லை என்பதற்காகத் தெரியாமல் இருந்ததா என்ன? அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மீன் வறுப்பது எனக்குத் தெரியும், எந்தப் பக்கத்து முட்டி வலிக்கிறது என்று தெரியும், உன் பெரியப்பா போன பிறகு அவள் தனியாக உட்கார்ந்து யாரிடமோ பேசுகிற மாதிரிப் பேசுவதும் தெரியும். இதையும் உன்னிடம் ஒருமுறை கேட்டேன், அவ்வளவு மெல்லிசான சுவிட்சை மூடினால் மூடியதாக அர்த்தமா, கசியாதா என்று. “கசியும்மா. அலை வேகமா ஆட ஆட மூடின வழியாவும் ஒழுகும். மூடினா ஒழுகக்கூடாது, தொறந்தா தடுக்கக்கூடாது, ரெண்டும் ஒரே சுவிட்சுல வேணும். அதுக்குத்தான் இத்தன வருசம்” என்றாய். இவ்வளவு படித்து, இவ்வளவு மெல்லியதாக உரித்து, கடைசியில் நம் வீட்டுச் சுவருக்கு இருக்கிற கோளாறுதான் அதற்கும் என்றால் என்ன சொல்வது?

அப்புறம் ஊருக்குச் செல்போன் டவர் வந்தது. ஊரில் அத்தனை நிலம் இருக்க, உன் பெரியப்பா கொல்லையில் கொண்டுவந்து நட்டார்கள். எந்த வரப்பில் நின்று அவள் அந்தப் போனை எடுத்தாளோ அதற்குப் பக்கத்திலேயே. அவள் நிலத்தில் நிற்கிற கம்பத்தின் வழியாக வருகிற பேச்சு என் வீட்டுக்குள் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நீ வாங்கிக்கொடுத்த போனை வீட்டில் அணைத்தே வைத்திருப்பேன். வாரச் சந்தைக்குப் பெரம்பலூர் போனால் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போடுவேன், உன்னோடு பேசுவேன். திரும்பி வரும்போது ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னால் அந்த டவரின் தலை தெரிந்ததும் அணைத்துவிடுவேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். “போனு தானா எந்த டவர் கிட்டத்துல இருக்கோ அதப் புடிச்சுக்கும்மா. பங்காளி வூட்டு டவர்னு அதுக்குத் தெரியாது.” “அதுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்” என்றேன்.

பொங்கலுக்கு முந்தின சந்தையில் புதுப்பானையும் மஞ்சள் கொத்தும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம், கரும்புக் கட்டு வேறு காலை இடிக்கிறது. உன் போன் வந்தது. “அம்மா, பொங்கலுக்கு வருவோம்னு” என்றாய். அந்த நேரம் பார்த்து டவரின் தலை தெரிந்தது. வருகிறார்கள், அது போதும் என்று நான் அணைத்துவிட்டேன். நீ என்ன நினைத்தாயோ தெரியாது, நான் பக்கத்தில் இருந்த கரும்புக் கட்டுக்காரனிடம் “எம்மவன் வரான், பேத்தி வருது” என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் பாப்பாவுக்கென்று ஒரு கழியை ஒடித்துக் கொடுத்தான்.

அடுத்த நாள் நான் மாவு இடித்துக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் உன் பெரியம்மா ஆட்டிடம் பேச ஆரம்பித்தாள். இது உனக்குத் தெரியும், உன் பொண்டாட்டிக்குத் தெரியாது, சொல்லிவை. பேச்சில்லாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஆட்டிடமும் கோழியிடமும்தான் பேசுவார்கள், கேட்க வேண்டியவளுக்குக் கேட்கும். “ஏ ஆடே, கேட்டியா சேதிய? மெட்ராசுலேருந்து பொங்கலுக்கு யாரும் வரலியாம். கை நோவ மாவு இடிக்கிறவங்க இடிக்க வேணாம்” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நல்ல நாளில் வாயில் வருகிற வார்த்தையா இது? நானும் என் கோழியைக் கூப்பிட்டேன். “வயிறு எரியறவங்க வாயில அப்புடித்தான் வரும். நீ பாட்டுக்கு மேயி” என்றேன். அந்தப் பக்கம் ஆடு மட்டும் கத்தியது.

போகியன்று அரியலூரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஆலை முக்கத்துப் பாலக்கட்டையில் உட்கார்ந்திருந்தேன். உன் பொண்டாட்டிக்குத் தூரத்துப் பஸ் ஆகாது, ரயிலில்தான் வருவீர்கள், அரியலூரில் இறங்கித்தான் பஸ் ஏறுவீர்கள் என்று கணக்கு. பொங்கலன்றும் போனேன். பானையை அடுப்பில் ஏற்றவில்லை, பாப்பா வந்து குலவை போடட்டும் என்று வைத்திருந்தேன். போன பஸ்ஸே திரும்பி வருகிறது, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “என்ன ஆயா, மெட்ராஸ்காரங்க இன்னும் எறங்கலியா? பஸ்சுக்குப் பூச போட்டுப் பொங்கல எனக்கு வச்சுருங்க” என்று கேலி செய்துவிட்டுப் போனான். வெயில் ஏறியது. அப்போதுதான் உன் பெரியம்மா கம்பை ஊன்றிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள்.

“ஏ சின்னவளே, எந்திரி. எந்த பஸ்சுலயும் வர மாட்டாங்க.”

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆட்டுகிட்ட சொன்னனே, காதுல வுழலியா?”

“ஆட்டுகிட்ட சொன்னா ஆடு கேக்கும். எனக்கென்ன?” என்றேன். உளுந்துச் சண்டைக்கும் சாவு வீட்டுக்கும் பிறகு நான் அவளிடம் நேருக்கு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வேறு நல்ல வார்த்தை வாயில் வரவில்லை.

“ஒங்கிட்ட நேரா சொன்னா நீ கேட்டுக் கிழிச்சிருப்ப. உன் மவன்தான் எனக்குப் போன் பண்ணான். பெரிம்மா, அம்மா பாதியிலயே வச்சுட்டாங்க, வரலன்னு சொல்லிடுங்கன்னான். உன் போனுதான் எப்பவும் செத்துக் கெடக்குதே.”

“என்கிட்ட வருவோம்னுதான் சொன்னான்.”

“‘வருவோம்னு எதிர்பார்க்காதம்மா’ன்னு சொன்னானாம்டி.”

“எனக்கு ‘வருவோம்னு’ வரைக்கும்தான் கேட்டுச்சு” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. அவள் கம்பைச் சாய்த்துவைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாலக்கட்டையில் உட்கார்ந்தாள். இடது முட்டி. ஒரு கரும்பு லாரி போனது. அது போய்ப் புழுதி அடங்கிய பிறகு, “எனக்கும் ‘நல்லா’ வரைக்கும்தான்டி கேட்டுச்சு” என்றாள்.

இதைப் படித்துவிட்டு நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. எனக்குக் கோபம்தான் வந்தது. “சரி, நல்லான்னுதான் கேட்டுச்சுன்னே வச்சுக்கறேன். அத வந்து சொல்லக்கூடாதா? அவரு நல்லா இருக்காருன்னு மவன் போன் பண்ணான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, போன் எதுக்கு வந்துச்சுன்னு நான் பதறி அப்பவே பஸ் ஏறியிருப்பனே?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். “உளுந்துச் சண்டையில இருந்தோம்ல. நல்ல சேதிதான, தானா தெரிஞ்சுக்கட்டுமேன்னு வீம்பா இருந்துட்டேன். அதுக்கு நீ என்ன திட்டினாலும் திட்டிக்க” என்றாள். “திட்டத்தான் போறேன்” என்றேன். “திட்டு, ஆனா வூட்டுக்கு வந்து திட்டு. வெயிலு மண்டையப் பொளக்குது” என்றாள். இரண்டு பேரும் நடந்து வந்தோம். அவள் முட்டிக்கு ஏற்ப நானும் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது, அதுவும் எரிச்சல்தான். சாயங்காலம் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் பொங்கல் நீட்டினாள். வெல்லம் போதவில்லை. சொன்னேன். “உன் மவன் காசுல வாங்கிக் குடு, அடுத்த வருசம் நெறயப் போடறேன்” என்றாள்.

நீ வராததற்குச் சொன்ன காரணத்தையும் அவள் வாயால்தான் கேட்டேன். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து, எத்தனை தடவைக்கு அது தாங்குகிறது என்று பார்க்கிறீர்களாம். அது சாகிற வரைக்கும் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டுமாம். நாள் தள்ளிப்போட முடியாதாம். ஒரு சருகு சாகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க உனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. நான் வேறெதுவும் சொல்லவில்லை. உன் வேலை பெரிய வேலையாகவே இருக்கட்டும். நாளைக்கு வரப்போகிற போனில் பேச்சு வெட்டாமல், சார்ஜ் தின்னாமல், ஒழுகாமல் போகும் என்றால் செய். ‘நல்லா’ என்பது போய்ச் சேர்ந்தால் ‘இல்ல’வும் கூடவே போய்ச் சேருகிற மாதிரிச் செய். ஆனால் அதற்காக, பெற்றவளை உன் சுவிட்சோடு சேர்த்து வைத்துச் சிரிக்காதே.

கரண்டே செலவாகவில்லை என்றாயே, அது பொய். அவள் வாசலைத் தாண்டக்கூடாது என்று குழாயடிக்குக் கொல்லைப்புறம் சுற்றிப் போன நடை யாருடையது? அவள் வருகிற கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் பழையது தின்றது யார்? போனை அணைத்து வைத்துவிட்டு, இந்நேரம் பிள்ளை கூப்பிட்டிருப்பானோ என்று அந்தக் கருப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது யார்? நான் உன் புது சுவிட்ச் கிடையாது, தமிழரசு. சும்மா நிற்பதற்கே சார்ஜ் தின்னும் என்றாயே, அந்தப் பழைய ரகம். இன்னொன்றும் கேள். ஒரு தட்டு தட்டினால் மாறும் என்றாய், யார் தட்டுவது என்று சொன்னாயா? சுவிட்ச் தன்னைத்தானே தட்டிக்கொள்ளுமா? தட்ட வேண்டியவள் முட்டி வலியோடு வெயிலில் வந்து தட்டினாள். நீ மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு சட்டம் போட்டாய். அவளோடு இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய், அது தனிக் கணக்கு, நீ வந்த பிறகு பேசிக்கொள்கிறேன். அவளை நான் முழுசாக விட்டுவிட்டேன் என்றும் நினைக்காதே. கேட்காத வார்த்தைக்காக இனிமேல் அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்ட வார்த்தையை வந்து சொல்லாமல் இருந்தாளே, அது அப்படியே இருக்கிறது. அது என்னோடுதான் போகும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து போனைப் போட்டு வைக்கப்போகிறேன். அவள் டவர்தான், என்ன செய்ய. ஆனால் நீ ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும். நம் பேச்சில் முக்கியமான வார்த்தையைக் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறோம். ‘வருவோம்னு’ என்று இழுத்து, ‘எதிர்பார்க்காத’ என்று முடிக்கிறோம். ‘நல்லா’ என்று ஆசை காட்டிவிட்டு ‘இல்ல’ என்கிறோம். எதிரே உட்கார்ந்து பேசும்போது முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும், போனில் முகம் ஏது? உன் சுவிட்ச் செய்து முடித்து, அது என் போனுக்குள் வருவதற்குள் நான் இருக்கிறேனோ இல்லையோ. அதுவரைக்கும் எனக்குப் போன் செய்தால் ‘இல்ல’வை முதலில் சொல்லிவிடு. எது இல்லை என்பதைப் பின்னால் நிதானமாகச் சொல். நடுவில் வெட்டினாலும் நான் மாவு இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், எதற்கு இல்லை என்கிறான் என்று பதறிக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். பேச்சு தலைகீழாக இருக்கிறதே என்று உன் பொண்டாட்டி சிரித்தால் சிரிக்கட்டும். மாசியில் குலதெய்வக் கோயிலுக்கு நாள் பார்க்கிறேன், உங்கள் மூன்று பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்து வை. எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், தீபாவளியன்று நீ போட்ட சட்டத்தையே அப்படித் திருப்பி நானே எழுதிக் காட்டுகிறேன், பார்த்துக்கொள்.

இல்ல. பெரியம்மா வராம பாப்பாவுக்குக் காதுகுத்து.